ஆறு மடங்கில் மயங்கிய அன்னதான நிதி

தலைமை ஏற்றிருக்கும் கந்தவேல் ஐயா அவர்களே, பழனிப் பாதயாத்திரைக் குழுவின் பெரியோர்களே, தைப்பூசம்தோறும் நடந்து வருவோருக்கு அடுப்பு மூட்டும் தாய்மார்களே, அன்னதான நிதி முழுவதையும் லாரி கம்பெனிப் பங்கில் கொட்டத் துடிக்கும் அண்ணன் சிவபிரகாஷ் அவர்களே, வணக்கம்!

சற்று முன் அண்ணன் முழங்கினார். “பங்கு நூத்தியிருபது ரூபாய்ங்க. பங்குக்கு வருஷ லாபம் இருபது. பி.இ. வெறும் ஆறு! அஞ்சு வருஷம் முன்னால இருபதுங்க. அடிமாட்டு விலை, உட்டுடாதீங்க!”

தட்டினீர்கள். கூரை அதிரத் தட்டினீர்கள்.

பங்கு விலையை லாபத்தால் வகுத்தால் வரும் விகிதம்தான் பி.இ. ஆறு, சரி. எந்த ஆண்டு லாபத்தால்? நம் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் குவிந்த ஆண்டு. நம் வேலம்பாளையத்தில் சரக்கேற்ற லாரி கிடைக்காமல், கேட்ட வாடகையைக் கொடுத்துக் கும்பிட்ட ஆண்டு. அந்த ஒரே ஆண்டு!

என்னங்க தெய்வாத்தாக்கா? “வண்டி இன்னைக்கும் ஓடுதல்ல கண்ணு” என்கிறீர்களா? ஓடுதுங்க. உங்கள் மகளுக்கு டெய்லர் மாப்பிள்ளை வந்தாரே. தீபாவளி சீசனில் நைட்டும் பார்த்து வாங்கிய சம்பளத்தைத் தரகர் அளந்துவிட்டார். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: “தீபாவளி முடிஞ்சப்புறம் எவ்வளவுங்க வாங்குனாரு?” தரகர் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். மாப்பிள்ளையிடம் கேட்கத் தெரிந்த வாய்க்கு லாரியிடம் கேட்கத் தெரியவில்லையா?

ஐந்தாண்டுக்கு முன் பி.இ. இருபது. ஏன்? வண்டிகள் முடங்கின. லாபம் நான்கு ரூபாய். பங்கு எண்பது ரூபாய். லாபம் மெலிந்தால் விகிதம் வீங்கும். லாபம் வீங்கினால் விகிதம் மெலியும். நீங்கள் அஞ்சிய இருபதில் பங்கு எண்பதுக்குக் கிடைத்தது. நீங்கள் ஆடிப்பாடும் ஆறில் நூற்றிருபது கேட்கிறார்கள். இதுவா மலிவு?

சிரிக்கிறீர்களா அண்ணா, இருமுகிறீர்களா? தண்ணீர் கொடுங்கள் அண்ணனுக்கு.

நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் சேர்த்துச் சராசரி லாபம் பன்னிரண்டு. இப்போது வகுங்கள். பத்து. அடிமாட்டு விலை அல்ல, அன்றாட விலை.

என் அச்சம் அதுவும் அல்ல. அந்த இருபது ரூபாயைக் கொட்டியது யார்? நாம்! நம் வாடகை! நம் ஆர்டர் நின்றால் அவர்கள் வண்டி நிற்கும். வண்டி நின்றால் பங்கு விழும். அதே ஆண்டு நம் உண்டியலும் காயும். காணிக்கை வராத ஆண்டுக்காகத்தானே இந்த நிதி? அதே ஆண்டில் கவிழும் வண்டியிலா அதை ஏற்றுவீர்கள்?

பின்வரிசையில் ராஜபாண்டி கேட்கிறார்: “அப்ப எங்கதான்க்கா போடச் சொல்லுதீய?” வங்கியில், தம்பி. சலிப்பாக. கைதட்டு வாங்காத இடத்தில்.

கால் கொப்பளித்து வந்தவர் இலை முன் உட்காருவார். அவருக்கு எதைப் பரிமாறுவீர்கள்? விகிதத்தையா? ரசத்தில் கரைத்தா, மோரில் கலந்தா?

நிதியைப் பங்கில் போடும் அண்ணனின் தீர்மானம் வேண்டாம் என்போர் கை உயர்த்துங்கள். தயங்காதீர்கள், தட்டிய அதே கைதான். ஐயா, எண்ணிக்கொள்ளுங்கள்.

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. உயர்ந்த கைகளுக்கு வணக்கம். உயராத கைகளுக்கும் வணக்கம். பந்தியில் அவையும்தான் நீளும்.