கேள்வி கேட்டே கூலியை மீட்ட தோழர் ராமுத்தாய்

இந்த இரங்கல் கூட்டத்தின் தலைவர் தவசி ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் தொழிற்சங்கத் தோழர்களே, இன்று ஏலக்காய் ஏலம் நடக்கிற நாள் என்று தெரிந்தும் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் போடி வியாபாரப் பெருமக்களே, குரங்கணியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த பெரியவர்களே, ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலையிறங்கி வந்திருக்கும் என் தாய்மார்களே, எல்லோருக்கும் இந்தக் கன்னையனின் கனத்த வணக்கம். மனைவி ராமுத்தாயை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி வீரணனுக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் நடிக்கவும் மாட்டேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எங்கள் சங்கச் செயலாளர் தோழர் ராமுத்தாயைச் சிங்கம் என்றார்கள், புயல் என்றார்கள். சங்கத்தின் பொருளாளராக வருஷக்கணக்கில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் நான். சொல்கிறேன், கேளுங்கள். அவர் ஒருநாளும் கர்ஜித்ததில்லை! நாங்கள்தான் தொண்டை கிழியக் கத்துவோம். அவர் கேள்வி கேட்பார். அதுவும் சண்டைக்காகக் கேட்கிற கேள்வி அல்ல. நிஜமாகவே பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பார்.

ஒருமுறை சம்பளப் பாக்கிக்காக ஒரு முதலாளி வீட்டு வாசலில் மறியல். நாங்கள் கோஷம் போட்டு ஓய்ந்த நேரத்தில் இவர் மெதுவாக உள்ளே போய், "மொதலாளி, கோவிச்சுக்காம சொல்லுங்க. எங்க சம்பளத்த நிறுத்தி வச்சிருக்கீங்கள்ல, அந்தப் பணம் இப்ப எங்க இருக்கு? பொட்டியிலயா, பேங்குலயா?" என்று கேட்டார். அந்த மனிதர் குழம்பிப்போய், "பேங்குலதான்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். கையில் காசே இல்லை என்று அதற்கு முந்தின நிமிஷம்வரை சத்தியம் செய்துகொண்டிருந்தவர்! அப்புறம் என்ன பேச்சு? சாயங்காலத்துக்குள் பட்டுவாடா.

இப்படிப்பட்டவரை எதிரிக்கும் பிடித்துப்போகும். நமக்குத்தான் சில நேரம் எரிச்சலாக இருக்கும். வெரசா கிளம்பினால்தான் பஸ்சைப் பிடிக்கலாம் என்று நான் நிற்பேன். அவர் நின்று டிக்கெட் கொடுக்கிறவரிடம் அவர் ஊரில் மழை உண்டா என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

தோழர்களே! இன்று நான் சொல்ல வந்தது பெரியம்மாளின் கதை. பெரியம்மாள் அங்கே தூணோரம் இருக்கிறார். அவரிடம் அனுமதி வாங்கித்தான் பேசுகிறேன்.

எமர்ஜென்சி முடிந்து மறு வருஷம். மலைக்கு மேலே, கேரள எல்லைக்குள் ஒரு ஏலத்தோட்டம். முதலாளி நம் போடிக்காரர். பெயர் வேண்டாம், அவரும் இப்போது இல்லை. காய் எடுக்க நம் பெண்கள் ஒரு கூட்டமே போயிருந்தார்கள். மலை வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாரா வாரம் செலவுக்காசு என்று கொஞ்சம் கொடுப்பார்கள். மீதிச் சம்பளத்தைச் சீசன் முடிந்ததும் போடியில் முதலாளி வீட்டுக்கு வந்து மொத்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மொத்தப் பணத்தை நம்பித்தான் ஒருத்தி மகளுக்குத் தோடு சொல்லி வைத்திருப்பாள், இன்னொருத்தி கூரை மாற்றத் தேதி குறித்திருப்பாள்.

அந்த வருஷம் சீசன் முடிந்தது. தோட்டத்தையே விற்றுவிட்டார் முதலாளி! புது முதலாளியிடம் போனால், "பழைய ஆளைக் கேளுங்க" என்றார். பழையவரிடம் போனால், "அங்கேயே எல்லாம் கொடுத்து முடிச்சாச்சு" என்றார். கொடுத்ததாக ஒருவர் சொல்கிறார், வாங்கவில்லை என்று இத்தனை பேர் சொல்கிறார்கள். யார் சொல்வது செல்லும்?

மலை மேலே தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். விசாரணை நாளில் அதிகாரி முதலில் கூப்பிட்டது பெரியம்மாளை. அதிகாரி நல்ல மனிதர், மலையாளி. அறைக்குள் நாங்கள் யாரும் இல்லை. ஒரு கேள்வி கேட்டார். பெரியம்மாள் பதில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்: 'சம்பளம் பெற்றுக்கொண்டதாகச் சாட்சி ஒப்புக்கொள்கிறார்.' அதோடு கேஸ் படுத்துவிட்டது!

ஜீப்பில் இறங்கும்போது நடந்ததை நான் மறக்க முடியுமா? குருவம்மாள் பெரியம்மாளைப் பார்த்து, "அடிப்பாவி, அந்தாளுகிட்ட எம்புட்டுடி வாங்குன?" என்று கேட்டார். பெரியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுதார். அழுததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் தெருவில் அவரோடு யாரும் பேசவில்லை. அவர் வந்தால் குழாயடியில் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சங்கக் கூட்டத்தில் அவரை நீக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. கை தூக்கியவர்கள் நடுவில் கை தூக்காதவர் ஒருவர்தான். ராமுத்தாய் எழுந்து சொன்னார்: "நீக்குறது இருக்கட்டும். அவ ஏன் அப்படிச் சொன்னானு யாராச்சும் அவகிட்டக் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை! கோபப்பட்டோம், ஏசினோம், ஒதுக்கினோம். ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை!

அன்றைக்கே போனார். நானும் கூடப் போனேன்.

"மதினி, அந்த ஆபீசர் ஒன்ன என்ன கேட்டாரு? அவரு சொன்னத அப்படியே சொல்லு."

"சம்பளம் கிட்டியோன்னு கேட்டாரு. சம்பளம் குடுக்குற வீடு கிட்டவா, தூரமான்னு கேக்குறாரு போலன்னு, ஆமா சாமி, கிட்டத்தேன்னு சொன்னேன். மொதலாளி வீடு நம்ம தெருவுக்கு அடுத்த தெருதான?"

மலையாளத்தில் 'கிட்டியோ' என்றால் கிடைத்ததா என்று பொருள். நாமும் மேடை ஏறினால் 'வெற்றி கிட்டியது' என்கிறோம். ஆனால் பெரியம்மாள் மேடையில் பேசுகிறவரா? அவருக்கு அதுதான் முதல் சீசன். கூட வேலை செய்தவர்கள் தமிழர்கள், கங்காணி தமிழர், முதலாளி தமிழர். கிட்ட என்றால் அவருக்குப் பக்கம்தான்!

மறுபடி விசாரிக்க மனுப் போட்டோம். முதலாளியின் வக்கீல் விடுவாரா? "இவர்கள் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள், மலையில் வேலை செய்தவளுக்கு மலையாளம் தெரியாதா?" என்று வாதாடினார். அதிகாரியும் தயங்கினார். எங்களிடம் வேறு சாட்சி ஏது?

அப்போது ராமுத்தாய் சொன்னார்: "ஐயா, இந்தம்மா காலையிலருந்து நிக்கிது, நாக்கு வறண்டு போச்சு. தண்ணி வேணுமான்னு ஒங்க பாசையில நீங்களே ஒரு வார்த்த கேளுங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்து, பெரியம்மாளிடம், "வெள்ளம் வேணோ?" என்றார்.

பெரியம்மாள் பதறிப்போனார். "ஐயோ, வெள்ளமா? வேண்டாஞ்சாமி! போன ஐப்பசியில கொட்டகுடி ஆத்துல வந்த வெள்ளத்துலதான் என் ரெண்டு ஆடும் போச்சு!"

அறையே சிரித்தது! அதிகாரி சிரித்தார், குமாஸ்தா சிரித்தார், முதலாளியின் வக்கீலே வாயைப் பொத்திக்கொண்டார். பெரியம்மாள் மட்டும், ஆடு போனதற்கு இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று விழித்தார். பழைய வாக்குமூலத்தை அதிகாரி தள்ளிவைத்தார். தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து எல்லோரையும் மறுபடி விசாரித்தார். சம்பளம் முழுவதையும் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

திரும்பும் வழியில் நான் கேட்டேன், "தங்கச்சி, அவ அப்படித்தான் சொல்லுவான்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா எதுக்குக் கேக்கப் போறேன்?"

இந்தப் பதிலை நான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை பெரியம்மாளுக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தால்? கேஸே போயிருக்கும். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? இனி யாரிடம் கேட்பேன்?

கதை அங்கே முடியவில்லை. பட்டுவாடா நாளில் முதலாளி வீட்டு முற்றத்தில் மேசை போட்டார்கள். பெயர் வாசித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். பெரியம்மாள் முறை வந்தபோது முதலாளி, "இவளுக்குக் கிடையாது. என்னச் சந்தி சிரிக்க வச்சவ. வேணும்னா இவ கோர்ட்டுக்குப் போகட்டும்" என்றார். பெரியம்மாள் தலையைக் குனிந்து, "எனக்கு வேண்டாம் விடுங்க. மத்தவுக வாங்கிட்டுப் போகட்டும்" என்று சொன்னார்.

நான் ராமுத்தாயைப் பார்த்தேன். அவர் முதலாளியை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பி, "என்னத்தா செய்யலாம்?" என்று மட்டும் கேட்டார்.

யோசித்துப் பாருங்கள்! ஒரு வருஷமாகக் காத்திருந்த பணம். முடிச்சிலே முடிந்தாகிவிட்டது. மறுநாள் தோடு வாங்கலாம், கூரை மாற்றலாம். யாருக்கு மனம் வரும்?

குருவம்மாள் எழுந்தார். ஆம், ஜீப்பில் அப்படிக் கேட்ட அதே குருவம்மாள்தான். முடிச்சை அவிழ்த்துப் பணத்தை மேசையில் வைத்தார். "அவளுக்குக் குடுத்துட்டு எனக்குக் குடுங்க" என்றார். அவர் பின்னால் ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். முதலாளி அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியம்மாளின் பெயரை அவரே வாசித்தார்.

அந்த இடத்தில் நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை, அழுதேன்.

அன்பர்களே! தோழர் ராமுத்தாய் போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட ஒரு வழக்கு இன்னும் நிற்கிறது. மூடிப்போன ஏலக்காய் ஸ்டோர் ஒன்றின் பழைய முதலாளி, ராமுத்தாயின் உடல் வீட்டிலிருந்து எடுக்கப்படும் முன்பே எங்களுக்கு ஆள் அனுப்பினார். எல்லோர் பாக்கியையும் நாளைக்கே கொடுத்துவிடுகிறாராம். எதிர்த்துப் பேசிய மூன்று பேருக்கு மட்டும் கிடையாதாம். தலைவி போய்விட்டார், இனி இவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

அந்த ஆளிடம், சங்கத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இதோ, சங்கம் முழுவதும் இங்கே இருக்கிறது. சுப்புத்தாய், பொன்னுமணி, பாண்டியம்மாள், மூவரும் மேடைக்கு முன்னால் வாருங்கள். நாளைக் காலையில் நாம் அந்த வீட்டுக்குப் போகிறோம். வரிசையில் முதலில் நிற்கப் போவது இந்த மூன்று பேர். இவர்கள் கையில் பணம் விழும்வரை நம்மில் ஒருவரும் கை நீட்டப் போவதில்லை.

என்னத்தா, சரிதானே?