இளையதம்பிக்குப் போட்ட இலை

நேரம் விடியப்புறம் மூன்று மணி பத்து. ரொறன்ரோவைத் தாண்டி, பிக்கரிங்குக்கு வடக்கே, தோட்டக் காணிகளுக்கு நடுவால் போகிற ஒரு றோட்டு. லைற்றுக் கம்பம் ஒன்றுகூட இல்லை... இரண்டு பக்கமும் சோளம் அறுத்த வெறுங்காணி. ஒரேயொரு கார்.

பொறுங்கள். துவாரகா, அந்தப் போனை அணைத்து வை. கரண்ட் எப்போது வருமென்று தெரியாத நேரத்தில் பற்றரியைக் கரைக்காதே. இருபத்திமூன்றாம் மாடி, லிஃப்டும் இல்லை, வெளியே ஐஸ் மழை. விடியும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகப் போவதில்லை. போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு கேளுங்கள். நான் கண்ணால் கண்டதில்லை. எங்களுடைய ராகுலன் இருக்கிறானே, அவனுடைய பெரியம்மாவின் மகன் வினோதனுக்கு நடந்தது. ராகுலன் வாய் திறந்தால் புளுகுதான், தெரியும். ஆனால் இதைச் சொன்ன அன்றைக்கு அவன் கையில் இருந்த தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது.

அந்தக் காரில் வந்தது வினோதன். வயது ஐம்பத்திரண்டு. பிறம்ரனில் வெயார்ஹவுஸ் வேலை, பின்னேரம் போனால் இரவு இரண்டு மணிக்குத்தான் விடுவார்கள். அன்றைக்குத் திருத்த வேலைக்காக நானூற்றொன்று நெடுஞ்சாலையை மறித்துவிட்டார்கள். வடக்கால் சுற்றி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். கண் எரிந்தது. கால் வீங்கிச் சப்பாத்துக்குள் இறுகியது.

சீற் பெல்ற் மணி அடித்தது. டிங்... டிங்... டிங்...

பக்கத்துச் சீற்றில் சாப்பாட்டுப் பை. பை கொஞ்சம் பாரமென்றால் ஆள் என்று நினைத்துக் கார் கத்தும், உங்களுக்கும் தெரியும். அவன் ஒரு கையால் பையைத் தூக்கிப் பின்னால் போட்டான். இப்போது சீற்றில் ஒன்றுமில்லை.

டிங்... டிங்... டிங்...

பிறகு மணம். சுருட்டு மணம்... அதோடு பெற்றோல்... வெயிலில் காய்ந்த மணல். ஒக்ரோபர் கடைசிக் குளிரில், கண்ணாடி எல்லாம் பூட்டின காருக்குள்.

வேறொருவன் என்றால் காரை விட்டுவிட்டு ஓடியிருப்பான். ஓடுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே! வினோதனுக்கு அலுப்பு. எலும்புக்குள் போய் இருந்த அலுப்பு. திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, பக்கத்துப் பெல்ற்றை இழுத்துக் கொளுவிவிட்டான். மணி நின்றது.

பெல்ற் மட்டும்... இறுகியது. தளர்ந்தது. இறுகியது... தளர்ந்தது. ஆள் மூச்சு விடுகிற மாதிரி.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினான். கிளிக் என்று பெல்ற் கழன்றது. அவன் கழற்றவில்லை.

மனைவி துர்க்கா எழும்பி வந்து சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். வேலையில் அவனுக்குச் சாப்பிட நேரம் கிடைக்கவில்லை, புட்டும் மீன்குழம்பும் வைத்தபடி இருந்தன. ஒரு வாய் எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உப்பில்லை. உறைப்புமில்லை. நான் எல்லாம் போட்டனானே..."

"கொட்டிவிடு" என்றான் வினோதன்.

முதல்நாள் பின்னேரம் அவன் என்ன செய்துவிட்டு வேலைக்குப் போனான் என்பதைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

வினோதனின் தகப்பன் சிவபாதம். எண்பத்திரண்டு வயது, ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். வீல்செயரில்தான் நடமாட்டம். அதன் இடது சில்லு எண்ணெய் விட்டாலும் கேளாது, உருளும்போதெல்லாம் கிறீச்... கிறீச்... என்று கத்தும். அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவருடைய தகப்பன் இளையதம்பி, வெள்ளைக்காரனின் படைக்கு லொறி ஓட்டவென்று கப்பலேறினார். உலகயுத்தக் காலம். போனவர் போனவர்தான். கடிதமும் இல்லை, செத்தார் என்ற தந்தியும் இல்லை. சிவபாதத்தின் தாய் சாகுமட்டும் பொட்டு அழிக்கவில்லை. பொட்டு இருக்கிற வீட்டில் என்னென்று திவசம் செய்வது? உயிரோடு இருக்கிறவருக்கு எள்ளுத் தண்ணி இறைத்தால் அது கொலைக்குச் சமம் அல்லவா? ஆகவே எண்பத்திரண்டு வருடமாக ஒரு பிடி சோறு அந்த மனிதருக்கென்று இந்தக் குடும்பத்தில் யாரும் வைக்கவில்லை. அவருடைய கலியாணப் படம் ஒன்று மட்டும் இருந்தது. மெலிந்த மனிதர், ஒரு தோள் பதிந்து மற்றத் தோள் உயர்ந்து நிற்பார்.

ரொறன்ரோவில் ஒரு சங்கம் இருந்ததாம். யுத்தத்தில் பணிசெய்தவர்களின் வழிவந்தவர்கள் சேருகிற சங்கம். இவர் என் பாட்டன் என்று பத்திரங்களோடு காட்டினால் அங்கத்தவராக எடுப்பார்கள். நவம்பர் பதினொன்றில் பாட்டனுடைய பெயரை எல்லோருக்கும் முன்னால் வாசிப்பார்கள். சிவபாதம் இதை எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மகனைக் கண்டவுடன் ஒரே கேள்வி.

"தம்பி, அப்புவின்ர பேர் அம்பிட்டுதோ?"

"தேடுறன் அப்பா."

தேடினான், பாவி. இரண்டு வருடம். இரவு வேலை முடிந்து வந்து, எல்லோரும் படுத்தபிறகு லண்டனுக்கு ஒரு ஈமெயில், கொழும்புக்கு ஒரு கடிதம், யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரிக்கு ஒரு போன். பிறப்புப் பத்திரம் இடப்பெயர்வில் போனது. ஊர் வீடு ஷெல்லில் போனது. 'அப்படியொருவர் பதிவில் இல்லை' என்ற பதில் மட்டும் ஒழுங்காக வந்தது. இதற்கிடையில் டொக்டரும் சொல்லிவிட்டார்: இருதயம் களைத்துவிட்டது, அடுத்த கோடையை நம்பவேண்டாம்.

கடைசியில் ஒரு பதிவு வந்தது. கந்தர் இளையதம்பி. லொறிச் சாரதி. வட ஆபிரிக்கப் பாலைவனத்தில், நாற்பத்திமூன்றாம் ஆண்டு மார்கழியில் இறந்தார். எல்லாம் சரி... ஆனால் ஊர் வேலணை. வினோதனின் ஆட்கள் அளவெட்டி. வயது இருபத்தொன்று, மணமாகாதவர். உறவென்று தாய் ஒருத்தி மட்டும். அவளுக்குப் போன அறிவித்தலும் 'ஆள் காலமாகிவிட்டார்' என்று திரும்பி வந்திருந்தது. ஊருக்கு நாலு இளையதம்பி இருந்த காலம் அது. இவர் வேறு ஆள். வினோதனுக்கு அது நன்றாகத் தெரியும்.

சங்கத்தின் செயலாளர் ஸ்டெபனி என்ற வெள்ளைக்காரப் பெண். இந்த வருடப் பட்டியல் வெள்ளிக்கிழமை முடிகிறது, இவர்தானா உங்கள் பாட்டன் என்று கேட்டு எழுதியிருந்தாள். நல்ல மனுஷி, அவளுக்கு வேலணையும் தெரியாது, அளவெட்டியும் தெரியாது. வினோதன் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தான். இன்னும் ஒரு கடிதம் எழுத அவனால் ஏலாது. 'ஓம்' என்று எழுதினான். ஊர்ப் பெயர் இருந்த பக்கத்தை அனுப்பவில்லை. 'நான் இவருடைய நேரடிச் சந்ததி' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வைத்தான். வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

அன்று இரவுதான் பெல்ற் மணி அடித்தது.

நவம்பர் பதினொன்று. சங்க மண்டபத்தில் ஸ்டெபனி நாக்குச் சுளுக்க 'கந்தர் இளையதம்பி' என்று வாசித்தாள். சிவபாதம் வீல்செயரில் இருந்தபடியே நிமிர்ந்தார். சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். வரும் வழியில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இப்ப செத்த திகதியும் கடுதாசியும் இருக்கு. இனித் திவசம் செய்யலாம். இந்தக் கையால ஒருக்கா எள்ளுத் தண்ணி இறைச்சிட்டன் எண்டால் எனக்குக் காணுமடா."

வினோதன் வாயைத் திறந்தான். சொல்லிவிடத்தான் திறந்தான். தகப்பனின் முகத்தைப் பார்த்தான்... மூடிவிட்டான்.

மார்கழியில், பிக்கரிங் வீட்டில் திவசம். ஐயர் கடுதாசியைப் பார்த்துத் திதி கணித்தார். சிவபாதம் தன் கையாலேயே எள்ளும் தண்ணீரும் இறைத்தார். சாமியறையில் தலைவாழை இலை, சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, ரசம், வடை. சுவரோடு அந்தக் கலியாணப் படம். படம் அளவெட்டி இளையதம்பியுடையது. திகதி வேலணை இளையதம்பியுடையது. திவசத்தில் ஆளைக் கூப்பிடுவது திதிதானே...

ஐயர் போய்விட்டார். படைத்தபிறகு கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்காரர் வெளியே இருக்கவேண்டும், எங்கள் வழக்கம் தெரியும்தானே. வருகிறவர் வெட்கப்படாமல் சாப்பிடட்டும். துர்க்கா, வினோதன், சிவபாதம் மூன்று பேரும் கதவுக்கு வெளியே இருந்தார்கள். பின்னேரம் மூன்று மணி பத்து. ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே இலை சரசரத்தது.

பிறகு... சோறு பிசைகிற சத்தம். ரசத்தை உறிஞ்சுகிற சத்தம். ஸ்ஸ்ர்ர்... நெடுநாள் பட்டினி கிடந்தவன் உறிஞ்சுகிற மாதிரி. கதவிடுக்கால் சுருட்டு மணம் வந்தது. துர்க்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமத்திக்கொண்டாள். சிவபாதத்தின் முகமோ பூரித்துப்போய் இருந்தது.

"அப்பு சாப்பிடுறார்" என்றார் மெல்ல.

வினோதனின் போன் அதிர்ந்தது. வாசல் மணியில் பூட்டியிருந்த கமரா. 'வாசலில் ஒருவர் நிற்கிறார்' என்று காட்டியது. திறந்து பார்த்தான். ஸ்னோவுக்குள் ஒரு ஆள். கோட்டும் இல்லை, தொப்பியும் இல்லை. அசையவில்லை. ஒரு தோள் பதிந்து... மற்றத் தோள் உயர்ந்து...

"ஆரது? காட்டு" என்று சிவபாதம் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பார்த்தார். கனநேரம் பார்த்தார். உள்ளே உறிஞ்சுகிற சத்தம் நிற்கவேயில்லை.

"தம்பி... உது அப்பு."

பிறகு சாத்தின கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப உள்ளுக்கு இருந்து சாப்பிடுறது ஆர்?"

வினோதன் ஓடிப்போய் வாசற்கதவைத் திறந்தான். "வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ!" என்று வெறும் ஸ்னோவைப் பார்த்துக் கூப்பிட்டான். ஒருவரும் இல்லை. ஒரு காலடிகூட இல்லை. திரும்பி வந்து சாமியறையைத் திறந்தால், இலை வழித்துத் துடைத்த மாதிரிக் கிடந்தது. வயிறு நிறைந்தவர் மடிக்கிறது போல மடித்தும் இருந்தது. அதற்குள் ஒரு சிட்டிகை மணல்.

அன்றிரவு இல்லத்துக்குத் திரும்பும்போது தகப்பன் ஒரேயொரு தரம் கேட்டார். "உனக்குத் தெரியுமோ?"

"களைச்சுப்போனன் அப்பா."

சிவபாதம் அதற்குப் பிறகு மகனோடு கதைக்கவில்லை. தை பிறந்து நாலாம் நாள் போய்விட்டார்.

வினோதன் சும்மா இருக்கவில்லை. ஸ்டெபனிக்கு உண்மையை எழுதினான். அவள் பெயரை எடுத்துவிட்டாள். ஆனால் பட்டியலில் இருந்து போனவர் வீட்டில் இருந்து போகவில்லை. தகப்பன் செத்த முப்பத்தோராம் நாளுக்கு இலை போட்டுக் கதவைச் சாத்தினால்... அதே உறிஞ்சல். அதே மணல். 'நேரடிச் சந்ததி' என்று எழுதிக் கொடுத்தவனிடம்தானே அந்த வேலணைப் பொடியன் வந்திருக்கிறான். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை, அவன் இனி எங்கே போவான்? பாவம்தான். எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது.

இப்போதும் விடியப்புறம் மூன்று மணி பத்துக்குப் போன் அதிரும். வினோதன் எழும்பிப் போய்க் கதவைத் திறந்து, "வாங்கோ" என்று சொல்லிக்கொண்டு நிற்பான். குளிர்தான் உள்ளே வரும். அவனுக்குப் பின்னால், குசினியில், யாரோ சாப்பாட்டு மேசையில் கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்கும்.

கமராவில் முன்பு ஒருவர். தைக்குப் பிறகு இருவர். படம் மங்கல், முகம் தெரியாது. ஒருவருக்கு ஒரு தோள் பதிந்திருக்கும். மற்றவர் நிற்கவில்லை... தாழ்வாக உட்கார்ந்திருக்கிறார். வினோதன் கதவைச் சாத்தினதும், இருவரும் திரும்பிப் போகிற சத்தம் மட்டும் போனில் தெளிவாகக் கேட்குமாம்.

கிறீச்... கிறீச்... கிறீச்...