வைக்காத குழம்பு

“...கொழம்பே வெக்காதன்னு சொன்னதும் அந்தாளுதான், காலையில பழைய கொழம்பு எங்கன்னு கேக்குறதும் அந்தாளுதான்க்கா!”

திருவொற்றியூர் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரி, பக்கத்திலிருந்தவளிடம் புருஷனைப் பற்றிப் பொரிந்து தள்ளினாள்.

“ராத்திரி இன்னாமே குடுத்தே?”

“வெயிலுக்கு லேசா வேணும்னுச்சி. சங்கரா மீன அவிச்சி, மாம்பழம் அரிஞ்சி வெச்சேன். ஒரு துண்டு விடாம துன்னுச்சி. காலையில பழைய சோத்துல கைய வெச்சிக்கினு, நேத்து மீன்கொழம்ப ஊத்துன்னுது. வெக்காத கொழம்புக்கு நா எங்க போவேன்? கோச்சிக்கினு வெறும் வயித்தோட ஹார்பர் வேலைக்குப் பூட்ச்சி.”

“அப்ப இன்னிக்கு?”

“இன்னிக்கும் அவிச்ச மீனுதான். கொழம்புன்ற பேச்சே கெடையாது. ஒரே பேஜாரு!”

கல்மண்டபத்தில் இறங்கிய முன்சீட்டுக்காரி, நேராக எதிரிலிருந்த மளிகைக்கடைக்குப் போய்ப் புளி வாங்கினாள்.