முன்னாள் ஜனாதிபதிக்கு வைத்த நேர்த்தி

மார்க்கண்டு: ...எண்டாலும் யோகம், ஒரு காலத்தில நாட்டையே ஆண்ட மனுசன். அவரக் கொண்டுபோய் மறியலுக்குள்ள, கம்பிக்குப் பின்னால போட்டா வெக்கம் அவருக்கில்ல, நாட்டுக்கு.

யோகாம்பாள்: கொஞ்சம் பொறுங்க அண்ண. புள்ள மயூரதி, இஞ்ச வா. உன்ட மாமா கதைக்கிறத நீயும் ஒருக்கா கேளு.

மயூரதி: கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன் அம்மா. மாமா ‘அவர்’ எண்டு சொல்றார். போன மாசம் வரைக்கும் ‘அவன்’.

மார்க்கண்டு: முன்னாள் ஜனாதிபதி எண்டா ஒரு மரியாத இருக்கு புள்ள. நீ ஃபோனப் பாரு. தீர்ப்பு வந்திட்டா?

மயூரதி: இன்னும் இல்ல. நீதிபதி வாசிச்சுக்கொண்டே இருக்கிறாராம். காலம தொடங்கினது.

யோகாம்பாள்: ஆறுதலா வாசிக்கட்டும். நம்மட எண்ணெயக் குடிச்சவன் அவன். கடல்தொழில்காரருக்கெண்டு வந்த மண்ணெண்ணெய் முழுக்க அவன்ட மகன்ட கொம்பனிக்குப் போனது. அந்த வருசம் இஞ்சின் இருந்தும் துடுப்புப் போட்டுத்தான் என்ட மனுசன் கடலுக்குப் போனார். அந்த முதுகு இண்டைக்கும் நிமிரேல்ல.

மார்க்கண்டு: மச்சான்ட முதுகு எனக்குத் தெரியாதா? நான் பொதுவாச் சொல்றன். இண்டைக்கு இவர உள்ள போடுவாங்க. நாளைக்கு வாறவன் இப்ப இருக்கிறவர உள்ள போடுவான். பிறகு நாட்ட ஆளுறதுக்கு ஆரு வருவான்?

யோகாம்பாள்: களவெடுக்காதவன் வருவான்.

மார்க்கண்டு: அப்படி ஒருத்தன எங்க போய்த் தேடுறது...

யோகாம்பாள்: பள்ளிவாசல்துறையில ஒரு பொடியன் கூடாத வலை போட்டான் எண்டு ஜீப்பில ஏத்திக்கொண்டு போனாங்களே. அப்ப நாட்டுக்கு வெக்கம் வரேல்லயா? மீன் பிடிச்சவனுக்கு மறியல். எண்ணெய் குடிச்சவனுக்கு மரியாதயா?

மார்க்கண்டு: அவன் இளந்தாரி. இவருக்கு வயசு போச்சு. சீனி வருத்தம் வேற.

யோகாம்பாள்: சீனியா?

மார்க்கண்டு: ஓம். பேப்பர்ல போட்டிருந்தான். சீனி உள்ள உடம்புக்கு மறியல் சரிவராது. ஒரு சின்னக் காயம் பட்டாலும் ஆறாது. சீழ் வைக்கும். கவனிக்காம விட்டா விரலையே எடுக்கச் சொல்லுவாங்க.

யோகாம்பாள்: இவ்வளவும் பேப்பர்ல போட்டிருந்தானா?

மார்க்கண்டு: ...மேலோட்டமாப் போட்டிருந்தான்.

மயூரதி: அவர விளக்கமறியல்ல வச்ச அண்டைக்குப் பின்னேரமே ஆஸ்பத்திரிக்கு மாத்தினாங்க. அப்ப மாமா கரையில என்ன செய்தார் எண்டு சொல்லுங்க அம்மா.

யோகாம்பாள்: மீன் காவுற பலகையில மல்லாக்கப் படுத்தார். நாலு பேரத் தூக்கச் சொன்னார். கண்ண மூடிக்கொண்டு, ‘ஐயோ என்ட சீனி, ஐயோ என்ட பிரஷர்’ எண்டு கரை முழுக்க ஊர்வலம் போனார். வலை இழுத்துக்கொண்டு நிண்டவங்க சிரிச்ச சிரிப்பில கயித்த விட்டுட்டாங்க.

மார்க்கண்டு: அது பகிடிக்கு.

யோகாம்பாள்: கோயில் மைக்கப் பிடிச்சதும் பகிடிக்கா?

மார்க்கண்டு: அது... அது வேற.

யோகாம்பாள்: போன திருவிழாவில ஊரே கேக்க, ‘அந்தக் கள்ளன் மறியலுக்குப் போனா அடுத்த தீமிதிப்பில முதல் ஆளா இறங்கிறது இந்த மார்க்கண்டுதான்’ எண்டு அம்மனுக்கு நேர்ந்தது ஆரு? இப்ப கொடியும் ஏறிட்டு. வாற வெள்ளிக்கிழம தீமிதிப்பு.

மார்க்கண்டு: நேர்ந்தன். இல்லையெண்டு ஆரு சொன்னது? நம்மட ஐயா மிதிச்சவர். ஐயாட ஐயாவும் மிதிச்சவர். இந்தக் குடும்பத்தில சொன்ன சொல்ல விட்டவன் ஒருத்தன் இல்ல.

யோகாம்பாள்: அதுதான் கேக்கிறன். அவன் உள்ள போனாத்தானே உங்கட நேர்த்தி நிறைவேறும்? ஏன் வெளியில எடுக்கப் பாக்கிறீங்க?

மார்க்கண்டு: மனிசனுக்கு இரக்கம் எண்டு ஒண்டு வராதா?

மயூரதி: மாமா, ஒண்டு கேக்கட்டா? இந்தக் கடற்கரையில சப்பாத்துப் போட்டுக்கொண்டு திரியிற ஒரே ஆள் நீங்கதான்.

மார்க்கண்டு: மணல் சுடுது புள்ள.

மயூரதி: விடியக்காலமயுமா?

யோகாம்பாள்: முன்னேஸ்வரம் கோயிலுக்கு எண்டு சொல்லிக் கிழமைக்குக் கிழமை சிலாபம் பஸ் ஏறுறீங்க. நல்ல விசயம். ஒரு நாளாவது கொஞ்சம் விபூதி கொண்டுவந்தீங்களா?

மார்க்கண்டு: மறந்திருப்பன்.

யோகாம்பாள்: ஓம் ஓம். விபூதிய மறந்துபோட்டு ஆஸ்பத்திரி மணத்த மட்டும் கொண்டு வாறீங்க.

மார்க்கண்டு: என்ன கதை இது? நான் என்ன...

மயூரதி: அம்மா, பொறுங்க... வந்திட்டு. குற்றவாளியாம். ஏழு வருசம்.

மார்க்கண்டு: ஏழா? அப்பீல் செய்வாங்கதானே? அது முடியும் வரைக்கும் வீட்டில...

மயூரதி: பிணை இல்லையாம் மாமா. இண்டைக்கே உள்ள கொண்டுபோறாங்க.

மார்க்கண்டு: அந்த நீதிபதிக்கு ஈவிரக்கமே இல்ல.

யோகாம்பாள்: கரையில வெடி கொளுத்துறாங்க. கேக்குதா அண்ண?

மார்க்கண்டு: கேக்குது.

மயூரதி: கோயில் ஸ்பீக்கரும் கேக்குது. ‘மார்க்கண்டு ஐயா காப்புக் கட்ட உடன வரவும்’ எண்டு கூப்பிடுறாங்க.

யோகாம்பாள்: எழும்புங்க.

மார்க்கண்டு: எழும்புறன்... கொஞ்சம் இரு.

யோகாம்பாள்: முதல்ல சப்பாத்தக் கழட்டுங்க.

மார்க்கண்டு: வேணாம் யோகம்.

யோகாம்பாள்: கழட்டுங்க எண்டுறன்.

மார்க்கண்டு: ...சித்திரையில சிப்பி கீறினது. இன்னும் ஆறேல்ல. தண்ணியே படக் கூடாது எண்டு டொக்டர் சொல்லிட்டார். தீமிதிக்கிறவன் கடல்ல முழுகிப்போட்டு வரோணும். பிறகு நெருப்பு வேற. நெருப்பப்பத்தி நான் டொக்டரிட்டக் கேக்கவே இல்ல.

மயூரதி: அப்ப சீனியும் உங்களுக்குத்தானா மாமா?

மார்க்கண்டு: எனக்கும் இருக்கு. அவனுக்கும் இருக்குமாக்கும்.

யோகாம்பாள்: இந்தக் காலோட எப்படி இறங்குவீங்க? போய் ஏலாதெண்டு சொல்லுங்க.

மார்க்கண்டு: எந்த முகத்தோட சொல்றது? பலகையில படுத்து ஊரச் சிரிக்க வச்சவன் நான். இப்ப போய் எனக்குச் சீனி, எனக்குக் காயம் எண்டா அந்தப் பலகையத் தூக்கிக்கொண்டு நம்மட வாசலுக்கே வருவாங்க. நான் இறங்குறன். கால் போனாப் போகட்டும். ஐயாட பேர் போகக் கூடாது.

யோகாம்பாள்: கால் போனா உங்கள ஆரு தூக்கித் திரியிறது? முதுகு போன என்ட மனுசனா?

மயூரதி: மாமா, அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கா நீங்க பகிடி பண்ணினீங்க?

மார்க்கண்டு: இல்ல. வருத்தத்தக் காட்டி வழக்கிலயிருந்து தப்பப் பாத்தான். அதுக்குத்தான்.

மயூரதி: அப்ப நீங்க வருத்தத்தச் சொல்லுங்க. தப்பிப் போகாதீங்க.

மார்க்கண்டு: ரெண்டும் ஒண்டுதானே?

யோகாம்பாள்: எப்படி ஒண்டாகும்? அவனுக்குச் சீனி எண்டா உள்ள வச்சு மருந்து குடுக்கட்டும். ஆர் வேணாமெண்டது? அதுக்காக ஏழு வருசம் இல்லாமப் போகாது. உங்களுக்குக் காயம் எண்டா மருந்து கட்டுங்க. ஆறின பிறகு அடுத்த வருசம் இறங்குங்க. உங்கட நேர்த்தியும் இல்லாமப் போகாது. அம்மன் எங்கயாவது ஓடிப்போகப் போறாவா?

மார்க்கண்டு: அதை நானே மைக்கில சொல்லோணும்.

யோகாம்பாள்: வேற ஆரு? வாக்குக் குடுத்தவர்தான் தவணையும் கேக்கோணும்.

மார்க்கண்டு: சிரிப்பாங்க யோகம்.

யோகாம்பாள்: சிரிப்பாங்கதான். பலகைக்காக ஒரு நாள் சிரிக்கட்டும். அது உங்களுக்கு வந்த தண்டன. ஏழு வருசம் இல்லையே.

மயூரதி: பலகையக் கொண்டுவந்தா ஏறிப் படுங்க மாமா. கோயில் வரைக்கும் நடக்கத் தேவையில்ல.

மார்க்கண்டு: இந்தப் புள்ளைக்கு வாய் அப்படியே உன்ட வாய். சரி... சப்பாத்து வேணாம், செருப்பத் தா. கால்ல இருக்கிற மருந்துக் கட்ட எல்லாரும் பாக்கட்டும். அந்த நல்ல வேட்டியையும் எடு. சிரிக்கிறவன் நல்ல வேட்டியப் பாத்துச் சிரிக்கட்டும்.

யோகாம்பாள்: இது என்ட அண்ணன்.

மார்க்கண்டு: உனக்கு இதெல்லாம் எப்ப தெரியும்?

யோகாம்பாள்: நீங்க ரெண்டாந்தரம் சிலாபத்துக்குப் போன அண்டைக்கு அடுத்த பஸ்ஸில வந்தன். கிளினிக் வாங்கில, வருத்தக்காரரோட வரிசையில இருந்தீங்க.

மார்க்கண்டு: கூப்பிட்டிருக்கலாமே.

யோகாம்பாள்: தலையக் குனிஞ்சு இருந்தீங்க அண்ண. உங்கள நான் அப்படிக் கண்டதில்ல. கூப்பிட மனம் வரேல்ல.

மார்க்கண்டு: ...பிறகு?

யோகாம்பாள்: திரும்பி வந்தன். பஸ்ஸால இறங்கி வீட்டுக்கு வரேல்ல. நேரா நம்மட அம்மன் கோயிலுக்குப் போனன்.

மார்க்கண்டு: என்ட கால் சுகப்படோணும் எண்டு கும்பிடவா?

யோகாம்பாள்: அதுவும்தான்.

மயூரதி: வேற என்ன அம்மா? எனக்கும் சொல்லேல்லையே.

யோகாம்பாள்: மைக்கில உங்கட காலப்பத்தி என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்க அண்ண. இத மட்டும் சொல்லிராதீங்க, முதுகு போன மனுசன்ட காதில விழுந்தா நான் அந்த வீட்டில இருக்கேலாது... உங்கட கால் நெருப்பில படாம இருக்க, அந்தக் கள்ளன் எப்படியாவது தப்பி வெளியில வந்திரோணும் தாயே எண்டு, நான் நேர்ந்துபோட்டு வந்தனான்.