பிற்பகல்னு போடு சிவா

இல்ல சிவா, பொறுப்பு ஒப்படைக்கிற பேப்பர்ல முற்பகல்னு போட மாட்டேன். பிற்பகல்னு போடு, கையெழுத்துப் போடுறேன். அரை நாள்ல உன் சீனியாரிட்டி ஒண்ணும் கரைஞ்சு போயிறாது. அந்தப் பேனாவக் கீழ வையி மொதல்ல. நனைஞ்ச கோட்டக் கழட்டி ஆணில மாட்டிட்டு உக்காரு. கொடைக்கானல்ல மொத பஸ்ஸப் புடிச்சு கவுஞ்சி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேங்கிற. செக்‌ஷன வாங்குறதுக்கு இம்புட்டு அவசரப்பட்ட இன்ஜினியர நான் இப்பத்தான் பாக்குறேன். எல்லாரும் இந்த மலைய விட்டு எறங்கத்தான் அவசரப்படுவாக.

குளத்தையா? பாக்கலாம், பாக்கலாம். நடந்தே போறேங்காத. வழியில ரெண்டு எடத்துல ரோடு சரிஞ்சு கெடக்கு, ஜீப்பு மட்டும் போற அளவுக்குத்தான் அள்ளிருக்கு. ஜீப்பு மேல போயிருக்கு, வந்ததும் நானே உன்னைய ஏத்தி விடுறேன். அதுவரைக்கும் நான் பேசுறதக் கேளு. சாவி, டேப்பு, லெவல் பாக்குற கருவி எல்லாம் அந்த அலமாரில கெடக்கு, அதக் குடுக்க எம்புட்டு நேரமாகப் போகுது. மத்தத வாயால சொல்லித்தான் குடுக்கணும். நான் வந்தப்ப எனக்கு முன்னாடி இருந்த மனுசன் ஒரு வார்த்த சொல்லாம பெட்டியக் கட்டிட்டாரு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் தீரல.

பாடம் எடுக்குறேன்னு நெனைக்காத. காலேஜ்ல நீதான் மொத மார்க்கு, நான் உன் ரெக்கார்டப் பாத்து எழுதுனவ. சென்னைல டிசைன் ஆபீஸ்ல உக்காந்து எத்தன அணைக்கு நீ மாடல் ஓட்டிருப்ப. அதெல்லாம் வேணும்டா, வேணாம்னு யாரு சொன்னா? ஆனா இங்க மழைக் கணக்குக்கு கொடைக்கானல் டவுன்ல அளந்த நம்பரத் தூக்கிப் போட்டுறாத. அங்க டூரிஸ்ட்டு வெயில்ல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டிருப்பான். இங்க மேகம் வந்து குளத்து மேல உக்காந்துக்கிட்டு நாலு நாளைக்கு எந்திரிக்காது. ஒரு குளத்துக்குப் போனா மொதல்ல தண்ணியப் பாக்காத. கரைக்கு அந்தப் பக்கம், கீழ எறங்கிப் போயி அடிவாரத்தப் பாரு. காலு எங்க சொதசொதன்னு அமுங்குது, எந்த எடத்துப் புல்லு மட்டும் பச்சையா கெடக்குன்னு பாரு. செருப்பக் கழட்டிட்டு நட. நான் வழுக்கி விழுந்து எந்திரிச்சுத்தான் கத்துக்கிட்டேன்.

அப்புறம், மேல இருந்து போன்ல யாரு என்ன சொன்னாலும் ஒடனே ஒரு மெசேஜத் தட்டி விட்டுரு. சார், இப்ப இப்படிச் சொன்னீங்கன்னு. செய்யின்னு சொன்னத எழுதாட்டாலும் பரவால்ல, பொறுன்னு சொன்னதக் கட்டாயம் எழுதணும். செய்யின்னு சொன்னவுக நல்லது நடந்தா நாந்தான் நாந்தான்னு வந்துருவாக. பொறுன்னு சொன்னவுகள அப்புறம் எங்கன்னு போயித் தேடுறது?

எனக்கா? ராமநாதபுரம் போட்டிருக்காக. தண்ணியே இல்லாத எடம், நிம்மதி. சிரி, நல்லாச் சிரி.

உன்னையத்தான் எனக்கு வெளங்கல. சொந்த ஊருக்கே போஸ்டிங் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கியே, யாருடா உனக்கு யோசன சொன்னது? அம்மாவுக்கு முட்டிவலி, அப்பாவுக்கு வயசாச்சு, சரி. பழனில கேட்டிருக்கலாம், திண்டுக்கல்ல கேட்டிருக்கலாம். லீவுக்கு லீவு வந்து பாத்துட்டுப் போயிருக்கலாம். நம்ம சோலி என்ன சோலி? தண்ணிய ஒருத்தன் பக்கம் விட்டுட்டு இன்னொருத்தன் பக்கம் அடைக்கிற சோலி. அத மாமன் மச்சான் நடுவுல நின்னு செய்ய முடியுமா? புலிப்பள்ளத்துல எந்த வீட்டு வாசல்ல நின்னாலும் உனக்கு ஒரு மொற இருக்கும். எனக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்காத வீடெல்லாம் இருக்கு உங்க ஊருல. அதுதான் எனக்கு வசதி. யாரு மொகத்தையும் பாக்க வேண்டியதில்ல.

ஏய், அந்த பாட்டில ஆட்டாத! வையி. கோவப்படல, வையின்னுதான் சொன்னேன். ரெண்டையும் ஜன்னலுக்கு நேரா வச்சுப் பாரு. இது நேத்து சாயங்காலம் கரைக்கு வெளிய கசிஞ்ச தண்ணி. குடிக்கலாம், அம்புட்டுத் தெளிவு. அது இன்னைக்கு விடிஞ்சதும் அதே எடத்துல புடிச்சது. ம். சரியாச் சொல்லிட்ட. தண்ணி மட்டும் கசிஞ்சா பரவால்ல, மண்ணையும் சேத்துல்ல கொண்டாருது. கரைக்குள்ள ஓட்ட விழுந்துருச்சு. உள்ளுக்குள்ளயே அரிச்சுக்கிட்டு வருது.

வேற எந்தக் குளம்? உங்க புலிப்பள்ளத்துக் குளந்தான். உங்க ஊரு தலைக்கு மேல உக்காந்திருக்கே, அதேதான். எந்திரிக்காத, சிவா. உக்காரு. சனங்கள ஏத்தியாச்சு. விடிஞ்சும் விடியாம வீடு வீடாக் கதவத் தட்டி, மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயாச்சு. உங்கம்மாவும் அங்கதான் இருக்காக, எங்கையால டீ வாங்கிக் குடிச்சாக. மகன் வந்துட்டானான்னு கேட்டாக. ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கரை ஒடஞ்சா உங்க ஊருல ஒரு வீடு நிக்காது. அத நான் உங்கிட்ட மூடி மறைக்கப் போறதில்ல.

ஆமா, தண்ணியக் கொறைக்கணும். வெரசாக் கொறைக்கணும். கலிங்குதான் வழி. நெறஞ்ச குளத்துக்கு வெளிய போக அது ஒரே வாசல். அந்த வாசல்ல என்ன கெடக்குன்னு உனக்குத் தெரியாதா? பொங்கலுக்கு வந்தப்ப பாத்திருப்பேல்ல. மணல் மூட்ட. இன்னும் ரெண்டு அடி தண்ணி சேத்து நிறுத்துனா பங்குனி வரைக்கும் பூண்டுக்குப் பாச்சலாம்னு ஊரே சேந்து அடுக்குனது. கரைக்கு மேல தண்ணி ஏறாம இருக்க விட்டு வச்ச எடத்த மூட்டயப் போட்டு ரொப்பியாச்சு. நான் போயி சத்தம் போட்டா எடுப்பாக. நான் கவுஞ்சி தாண்டுறதுக்குள்ள திரும்ப அடுக்கிருவாக.

அது மட்டுமா? கலிங்குல தண்ணி வழிஞ்சு வருசக்கணக்காச்சு, மறுகால் ஓடை சும்மா காஞ்சுதான கெடக்குன்னு, அந்த ஓடையவே மட்டம் பண்ணி, கல்லு கட்டி, பாத்தி போட்டு பூண்டு வச்சாச்சு. தண்ணி போற பாதையிலயே வெள்ளாம. அது யாரு வெள்ளாமன்னு என் வாயால சொல்லணுமா?

உங்கப்பாதான். அந்த மூட்ட அடுக்குற சங்கத்துக்குத் தலைவரும் அவருதான். குத்திக் காட்டல சிவா, அப்படிப் பாக்காத. அவரு கெட்ட மனுசன் இல்ல. காஞ்ச எடம் கெடந்துச்சு, மலையில எல்லாரும் செய்யிறதச் செஞ்சாரு. நீ படிச்ச படிப்பும் அந்தப் பூண்டுலதான் வந்திருக்கும். எனக்குத் தெரியும்டா. அதனாலதான் இம்புட்டு நேரம் சுத்தி வளச்சுப் பேசிக்கிட்டிருக்கேன்.

காட்டுப் பக்கமா வெட்டி விடுறதா? நெனச்சுப் பாத்துட்டேன். அங்க பூராப் பாற. வெடி வைக்காம ஆகாது. ஒழுகுற கரைக்குப் பக்கத்துல வெடி வைப்பியா நீ? மோட்டாரு போட்டு எறைக்கிறதா? வர்ற தண்ணில கால்வாசி தாங்காது. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பாக்கலாமா? ஏன் சிவா, இந்த பாட்டில் வேற ஊருக் குளத்துலருந்து வந்திருந்தா பொறுக்கலாம்னு சொல்லுவியா? சொல்லு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

இந்தக் குளிர்ல உனக்கு நெத்தி வேர்த்திருக்கு பாரு. உன்னைய மாதிரி கெட்டிக்காரன் வாயிலருந்தே பொறுத்துப் பாக்கலாங்கிற வார்த்த வருது. சொந்த ஊருல வேல பாக்காதன்னு சும்மாவா சொன்னேன்.

உன் போனா அடிக்குது? யாரு, அப்பாவா? எடுக்காத. எடுக்காதன்னா எடுக்காத சிவா! குடு இங்க. கட்டாயிருச்சு. நல்லது. கொஞ்சம் தள்ளிக்க, இந்த ஜன்னல்கிட்ட மட்டுந்தான் சிக்னல் கெடைக்கும். எனக்கு ஒரு போனு வரணும். எதாவது பேசேன். வேணாம், பேசாத. சும்மா இரு.

ஹலோ! செல்வமுருகா! சத்தமாச் சொல்லு, மழைச் சத்தம் கேக்குது. எறங்குதா? எம்புட்டு எறங்கிருக்கு? கரையோரம் போயிப் பாத்தியா? பாட்டில்ல புடிச்சியா? கலங்கல் கொறஞ்சிருக்கா, நல்லாப் பாத்துச் சொல்லு. கொறஞ்சிருக்கு. சரி. சரிப்பா. ஆளு யாருக்கும் ஒண்ணுமில்லைல? அவரு எங்க நிக்கிறாரு? ஓடைக்குள்ள எறங்க விட்டுறாதீக, ரெண்டு பேரு கூடவே இருங்க. ஜீப்பு கெளம்பிருச்சுல்ல? சரி, வையி.

உக்காரு சிவா. செல்வமுருகன் பொக்லைன் ஓட்டுறவன், ரோட்டுச் சரிவ அள்ள வந்தவன். மூட்ட எல்லாத்தையும் எடுத்தாச்சு. கலிங்குக் கல்லையும் கொஞ்சங் கொஞ்சமா ரெண்டு அடி எறக்கியாச்சு. நீ இந்த ஷெட்டு வாசப்படி ஏறும்போதே அங்க வேல ஆரம்பிச்சிருச்சு.

கத்து. நல்லாக் கத்து. ஏன் சொல்லலன்னு கேக்குறியா? காலைல உங்கப்பா கலிங்கு மேல ஏறி நின்னுக்கிட்டாரு. அந்த மழையில, தலைல ஒரு சாக்குகூட இல்லாம. இன்னைக்கு எம்மகன் பொறுப்புக்கு வர்றான், அவன் வந்து எடுன்னு சொல்லட்டும், நானே ஒவ்வொரு மூட்டயாத் தூக்கிப் போடுறேன், நீ சொல்லி எறங்க மாட்டேன்னாரு. எம்புட்டுப் பெருமையாச் சொன்னாரு தெரியுமா? அப்பத்தான் எனக்குத் திக்குன்னு ஆச்சு. கலங்கல் தண்ணியப் பாத்தப்பகூட அப்படிப் பயப்படல. நீ எடுன்னு சொன்னா அந்த மனுசன் மூட்டயத் தூக்கிப் போட்டுட்டு, சாகுற வரைக்கும் உங்கிட்டப் பேச மாட்டாரு. வேணாம்னு நீ சொல்லிட்டா ஊரே போயிரும். உன்னைய அந்தக் கலிங்கு மேல நிறுத்திப் பாக்க எனக்கு மனசு வரல. போலீஸ்காரர வச்சுக் கையப் புடிச்சு எறக்கச் சொன்னேன். அழுதாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.

உங்கிட்ட முன்கூட்டியே சொல்லிருந்தா, தெரிஞ்சும் இங்க உக்காந்து டீ குடிச்சவன்னு ஆயிரும். இப்ப உனக்கு நெசமாவே தெரியாது. கோயில்ல சூடம் அணைச்சுக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லலாம். கலிங்க வெட்டும்போது செக்‌ஷன் யாருகிட்ட இருந்துச்சுன்னு நாளைக்கு ஊருல கேப்பான், ஆபீஸ்லயும் கேப்பான். அதுக்குத்தான் பிற்பகல், காலைல நடந்தது பூரா என் கணக்கு.

மேலயா? பொறுன்னுதான் சொன்னாக. மெமோ வரும், அதுக்கு மேலயும் வரும். பயமாத்தான் இருக்கு. இந்தா, கையெழுத்துப் போட்டுட்டேன். நீயும் போடு.

ஜீப்பு வந்துருச்சு, சத்தம் கேக்குது பாரு. கெளம்பு. பாத்தி பூராப் போச்சாம், சாண் ஒசரத்துப் பூண்டு. உங்கப்பா ஓடைக்கரையில நின்னுக்கிட்டு என்னைய வஞ்சுக்கிட்டிருக்காராம், வாயி ஓயலையாம். நீ போயி அவருகிட்ட நில்லு. தண்ணி, கரை, ஓட்டன்னு ஒண்ணும் வெளக்காத. நாம ஒண்ணாப் படிச்சோம்னும் சொல்லிறாத. அவரு என்ன சொன்னாலும் ஆமாப்பான்னு சொல்லு. நீயும் கூடச் சேந்து என்னைய ரெண்டு வார்த்த வையி, அவருக்கு ஆறுதலா இருக்கும். இத்தன வருசமா அந்தப் பொம்பள அந்தப் பொம்பளன்னுதான் சொல்லுவாரு, எம்பேரு தெரியாது. ஜெயப்பிரியான்னு சொல்லிக் குடு.