பாதி இழுப்பு

எனக்குக் கை சின்னது, இன்ஸ்பெக்டர். கல்யாணத்துக்கு மோதிரம் எடுக்கப் போனபோது கடைக்காரர் பெண்கள் தட்டைத்தான் எடுத்து என் முன்னால் வைத்தார். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், அடக்கிக்கொள்ள வேண்டாம். எனக்குப் பழகிப்போனதுதான்.

நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் மலாயில் டைப் அடித்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலால்தான் அடிக்கிறீர்கள், ஆகவே நிதானமாகவே சொல்கிறேன். நான் வந்ததே ஒரு வரியைத் திருத்துவதற்குத்தான். எங்கள் துப்பாக்கி சுடும் கிளப் உங்களுக்குக் கொடுத்த அறிக்கையில் ஏழாம் பக்கம் பாருங்கள். பீட்டரின் மரணம் விபத்து என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே, ‘இறந்தவரின் தவறான பழக்கத்தைப் பயிற்றுநர் கவனிக்கத் தவறிவிட்டார்’ என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். எழுதியது கிளப் செயலாளர் ரொஸ்னா. நல்ல பெண்தான், ஆனால் துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பயிற்றுநர் நான்தான். புவனேஸ்வரன், வயது அறுபத்தொன்று, வீடு கெலுகோரில்.

“அங்கிள், கேஸ மூடியாச்சு. ஒங்க மேல யாரும் குத்தம் சொல்லல. வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க லா” என்று வாசலிலேயே சொன்னீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். ஆனால் குற்றம் சொல்லாமல் இருப்பதற்காக என்னை ஒன்றும் தெரியாதவன் ஆக்கிவிட்டார்களே, அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? நான் கவனிக்கத் தவறவில்லை. முதல் நிமிடமே கவனித்துவிட்டேன்.

பீட்டரை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. ஆள் ஆறடி. கை ஒவ்வொன்றும் ரொட்டிச் சானாய் சுடுகிற கல் அளவுக்கு இருக்கும். பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக் ஃபாக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் பல்கலைக்கழகத்தில் லேப் அசிஸ்டண்டாக இருந்தவன். இருபத்தேழு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் காலைப் பூசையை முடித்துவிட்டு காடியை ஓட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பான். இருவரும் இரண்டாம் பாலம் ஏறி அக்கரையில் பத்து காவான் என்கிற ஊர்ப் பக்கம் இருக்கிற எங்கள் சுடும் ரேஞ்சுக்குப் போவோம். சுட்டு முடித்ததும் திரும்ப வந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு சாப்பிடுவோம். பில்லை அவன்தான் கொடுப்பான், என்னைக் கொடுக்க விடமாட்டான். சும்மா சொல்லக் கூடாது, தாராளமான மனுஷன்.

வாய்தான் கொஞ்சம் நீளம். என்னைப் ‘புவனா’ என்றுதான் கூப்பிடுவான். கை சின்னதாம், அதனால் பேரும் பொம்பளைப் பேர். “புவனா, வளையல் போட்டுட்டு வந்திருந்தா இன்னிக்கு ஜெயிச்சிருப்பே லா” என்பான். ரேஞ்சே சிரிக்கும். நானும் சிரிப்பேன். என் மகள் சுபாஷினியின் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, ‘நம்ம புவனா’ என்று வாழ்த்திப் பேசினான். சம்பந்தி வீட்டார் யார் அந்தப் புவனா என்று என் மனைவியைக் கேட்டார்கள். நான் அப்போதும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

இதில் கை சின்னது என்பது வெறும் கேலி விஷயம் இல்லை. கிளப்பில் எங்களிடம் இருந்தவை பழைய ரிவால்வர்கள். தடித்த பிடி. நான் பிடித்தால் ஆள்காட்டி விரலின் நுனிதான் ட்ரிகரை எட்டும். நுனியால் இழுத்தால் துப்பாக்கி ஒரு நூல் இடப்பக்கம் தள்ளிப்போகும். இருபத்தைந்து மீட்டரில் அந்த ஒரு நூல் நான்கு விரல் அகலமாகிவிடும். மூத்தோர் கோப்பையில் நான் பதினோரு முறை இரண்டாவது வந்திருக்கிறேன். பதினோரு முறையும் முதல் ஆள் யாரென்று நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

இந்த ஜனவரியில் ரிவால்வர்களுக்கு உதிரிபாகம் கிடைக்காமல் போய், கிளப் புது பிஸ்டல்கள் வாங்கியது. கிளப்பின் பாதுகாப்பு அதிகாரியும் நான்தான் என்பதால் என்னை ஒரு வாரம் கோலாலம்பூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்தப் பிஸ்டலில் பிடியின் பின்பக்கத் தகட்டைக் கழற்றி மாற்றலாம். பெரிது, நடு, சிறிது என்று மூன்று இருக்கும். சிறியதை மாட்டிப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக என் விரலின் சதைப்பற்றான பகுதி ட்ரிகரின் நடுவில் போய் உட்கார்ந்தது. ஐந்து குண்டும் நடுவட்டத்தில். அன்று அந்த ரேஞ்சின் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த மார்ச்சில் கோப்பை என்னுடையது என்று முடிவே செய்துவிட்டேன். அறுபத்தொரு வயதில் ஒருவன் ஒரே ஒரு முறை முதலாவது வர ஆசைப்படுவது பெரிய பாவமா?

திரும்பி வந்து ஏழு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். துப்பாக்கி மாறினால் கை முதலில் பொய் சொல்லும். பழைய ட்ரிகர் கனம், நீண்ட இழுப்பு. கழுதையைக் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இழுக்க வேண்டும். புதியது அதில் பாதிக்கும் குறைவு, தொட்டுக் கொஞ்சம் அழுத்தினால் போதும். ஆகவே பழைய பழக்கம் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். பீட்டருக்கும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன். பெரிய தகட்டை மாட்டினேன். கையை மேலேற்றிப் பிடிக்க வைத்தேன், இடக்கையை இடைவெளி இல்லாமல் பொத்த வைத்தேன், இரண்டு கட்டைவிரலையும் முன்னால் நீட்ட வைத்தேன். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒன்றைத் தவிர. பீட்டரிடம் ஒரு பழக்கம் இருந்தது. துப்பாக்கியைத் தூக்கும்போதே விரலை உள்ளே விட்டு, ட்ரிகரைப் பாதி இழுத்துவிடுவான். குறி கண்ணுக்கு நேராக வரும்போது மீதிப் பாதிதான் பாக்கி இருக்கும். அவன் வேகத்தின் ரகசியமே அதுதான். பழைய ரிவால்வரில் பாதி இழுத்தால் ஒன்றும் ஆகாது. இருந்தாலும் விதிப்படி அது தப்பு. வலப்பக்கம் நிற்பவனுக்குத்தான் அந்த விரல் தெரியும். இருபத்தேழு வருடமாக அவனுக்கு வலப்பக்கம் நின்றது நான். சிநேகிதன்தானே என்று பதிவேட்டில் எழுதாமல் விட்டேன்.

புதிய பிஸ்டலில் அந்தப் பாதி என்பது முழுசு. முதல் ஞாயிறே மேசையிலிருந்து தூக்கும்போது டப்பென்று வெடித்துப் பத்தடி தூரத்து மண்ணில் குண்டு போய்ப் புதைந்தது. “அலாமாக்! நான் இன்னும் சுடவே இல்ல லா, அது பாட்டுக்குச் சுட்டுருச்சு” என்று சிரித்தான். “என்னா தப்பு பண்றேன், புவனா?”

மற்ற ஆறு பேருக்கும் சொன்ன வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. விரல் வெளியே இருக்கட்டும், குறி கண்ணில் பட்ட பிறகு உள்ளே போகட்டும். இரண்டு விநாடி வேலை.

“கிரிப் லூசா இருக்குடா. இன்னும் இறுக்கிப் புடி” என்றேன்.

அவன் இறுக்கிப் பிடித்தான். இறுக்கினால் விரல் இன்னும் சுருக்கென்று இழுக்கும் என்று எனக்குத் தெரியும். சொன்னதைச் செய்கிற நல்ல மாணவன் அவன். வீட்டில் ரப்பர் பந்தை வைத்து இரண்டு கையையும் பிசைந்தானாம். அவன் மனைவி வெரோனிக்கா எனக்கு ஃபோன் போட்டு, “என்னாண்ணே, டிவி முன்னால ஒக்காந்து பந்து பெசையறாரு. என்னா மருந்து குடுத்தீங்க?” என்று சிரித்தாள்.

கேட்கிறீர்களே, அப்போதே கொல்ல நினைத்தீர்களா என்று. இல்லை. சத்தியமாக இல்லை. கொஞ்சம் தடுமாறட்டும், மார்ச் வரை தடுமாறட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் தடுமாறினால்தானே? இரண்டாவது ஞாயிறு கையை இன்னும் வேகமாகத் தூக்கப் பழகிவிட்டான். அந்தப் பாதி இழுப்பு முடிவதற்குள் துப்பாக்கி குறிக்கு வந்துவிட்டது. ஐந்து குண்டும் ஐம்பது காசு நாணயத்துக்குள். நான் ஒரு வாரம் கோலாலம்பூரில் கிடந்து, பல நாள் வியர்வை சிந்திப் பிடித்ததை அவன் தப்பான விரலோடு எட்டு நாளில் பிடித்துவிட்டான். பிறகு என் முதுகில் தட்டி, “எல்லாம் எங்க டீச்சர் புவனா புண்ணியம்” என்று ரேஞ்சுக்கே கேட்கிற மாதிரி சொன்னான். அன்றும் நாசி கண்டாரை அவன்தான் வாங்கிக்கொடுத்தான். எனக்கு மீன் முட்டையைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னான், எனக்குப் பிடிக்கும் என்று. நான் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டேன்.

மேசையிலிருந்து சுடுவது முதல் கட்டம். இடுப்பு உறையிலிருந்து உருவிச் சுடுவது அடுத்த கட்டம். அதை ஆறாவது வாரத்துக்கு முன்னால் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று விதி எழுதியவனே நான். ஏனென்றால் உறையில் இருக்கும்போது துப்பாக்கியின் குழாய் தொடையைப் பார்த்து நிற்கும். அங்கே விரல் உள்ளே போனால் குண்டு மண்ணுக்குப் போகாது.

மூன்றாவது ஞாயிறு பீட்டரிடம், “நீ ரெடிடா. ஒனக்கு எதுக்கு ஆறு வாரம்?” என்றேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான். தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் உங்கள் ஃபைலிலேயே இருக்கும், கறுப்பு மை. பயிற்றுநர் கவனிக்கவில்லை என்று எழுதிய ரொஸ்னா அந்தத் தேதியைக் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

முதலுதவிப் பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அது எப்போதும் சுடும் வரிசைக்குப் பின்னால் சுவரில் தொங்கும். அன்று காலை நான் அதைக் கழற்றி அலுவலக அறையில் கொண்டுபோய் வைத்தேன். மருந்துகளின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டியிருந்தது. மாதா மாதம் பார்ப்பதுதான். பதிவேட்டில் இருக்கிறது.

பத்து மணி இருக்கும். வரிசையில் ஐந்து பேர். “வேகமா உருவுடா, ஒங்கிட்ட இருக்கிறதே வேகந்தானே” என்றேன். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். கை உறைக்குப் போனது. விரல் உள்ளே போவதை நான் வலப்பக்கத்திலிருந்து பார்த்தேன். வெடித்தது. வலது தொடையின் உள்பக்கம். அவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு நான் செய்த எல்லாமே விதிப்படிதான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சுடுவதை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தேன். ஒவ்வொருவர் துப்பாக்கியிலும் குண்டை வெளியே எடுக்க வைத்து, ஒவ்வொன்றையும் என் கண்ணால் சரிபார்த்து, மேசையில் வைக்கச் சொன்னேன். யாரும் அவனிடம் போகக் கூடாது, வரிசையைத் தாண்டக் கூடாது என்றேன். எல்லாரும் கீழ்ப்படிந்தார்கள். என் ரேஞ்சில் ஒழுங்கு அப்படி. ஆம்புலன்சுக்கு ஃபோன் போடச் சொன்னேன். பிறகு பெட்டியை எடுக்க அலுவலக அறைக்குப் போனேன். நடந்துதான் போனேன். ரேஞ்சில் ஓடக் கூடாது. அதுவும் விதிதான், பலகையில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. பெட்டியோடு திரும்பும்போது ஆறு நிமிடம் ஆகியிருந்தது. முதல் மூன்று நிமிடத்துக்குள் தொடையை இறுக்கிக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். அதைப் பயிற்சியில் எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நீங்கள் அடிப்பதை நிறுத்திவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர். தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

அடக்கத்தன்று வெரோனிக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க பக்கத்துல இருந்தீங்களே அண்ணே, அது போதும் எனக்கு” என்றாள். மார்ச்சில் கோப்பையை நான்தான் வாங்கினேன். மேடையில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இறந்தவனுக்காகத் தட்டினார்களா எனக்காகத் தட்டினார்களா என்று தெரியவில்லை. நான் எனக்காக என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆகவே ஏழாம் பக்கத்தில் அந்த வரியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ‘பயிற்றுநர் பழக்கத்தை முதல் நாளே கவனித்தார். வேண்டுமென்றே சொல்லவில்லை. வேண்டுமென்றே உறையைக் கொடுத்தார். வேண்டுமென்றே பெட்டியை அகற்றினார். வேண்டுமென்றே நடந்தார்.’ வேண்டுமென்றே என்பதற்கு மலாயில் ‘செங்காஜா’ என்று போட்டால் போதும், நான்கு இடத்திலும். கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

“அங்கிள்” என்கிறீர்கள். உங்கள் குரலே மாறிவிட்டதே. “கடைசியா அவரு ஏதாச்சும் பேசினாரா?” என்று கேட்கிறீர்கள்.

பேசினான். பெட்டியோடு போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டேன். முகம் வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிட்டது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “சாரிடா. நீ அவ்ளோ சொல்லிக்குடுத்தும் நான் சரியா பண்ணல. ஒன் பேரைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்க லா” என்றான்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் மன்னித்துவிட்டேன். எனக்கு யார் மேலும் மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.