பத்துப் பேர், ஒரு தொண்டை

1. மேலே ஏலத்தோட்டத்தில் ஒரு வெடிச் சத்தம். கனமானது. ஒன்றே ஒன்று.
2. "படுங்கலே! படு!" ஹவில்தார் தவமணியின் குரல்.
3. பாறை உச்சியிலிருந்து மூடுபனிக்குள் இயந்திரத் துப்பாக்கி சுடுகிறது. எங்களைத்தான்.
4. எங்கள் பக்கத்து ஆட்கள் பாறையை நோக்கித் திருப்பிச் சுடுகிறார்கள்.
5. நான் ஓடைக்குள் கிடக்கிறேன். "அது யானை வெடி! சுடாதீங்க!" என்று கத்துகிறேன். ஆடி மாதக் காற்று என் குரலைக் கிழக்கே இழுத்துக்கொண்டு போகிறது.

2008. மேகமலை. காலை நேரம்.

இதை ஒருவருக்காக எழுதுகிறேன். செல்லையா. ஏலத்தோட்டக் காவலாளி. யானையை விரட்ட அந்த வெடியை வைத்தவர். தாக்குதலுக்குச் சைகை கொடுத்தார் என்று அவரைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். தாக்குதல் எதுவும் நடக்கவில்லை.

நான் ரஷீதா. கம்பத்துக்காரி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. எஸ்டேட்டின் ஒயர்லெஸ் டவர் என் பொறுப்பு. காட்டில் ஆயுதக்காரர்கள் இருப்பதாகச் சொல்லி வந்த தேடுதல் படையும் அந்த டவர் வழியாகத்தான் பேசியது. அரசாங்கம் இதைப் போர் என்று சொல்லவில்லை. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்தவர்களுக்கு வேறு பெயர் தெரியவில்லை.

காற்றில் ஆன்டெனா சாய்ந்துவிட்டது. பாறைக்கு அந்தப் பக்கம் வாக்கிடாக்கி பேசவில்லை. சரிசெய்ய என்னைக் கூட்டிப் போனார்கள். பத்துப் பேர்.

"டவர் அக்கா, சரியானதும் மொதல்ல ஸ்கோர் கேட்டுச் சொல்லு" என்றான் பாண்டி. வரிசையில் நான்காவது ஆள்.

"ஏலே, மொதல்ல ஒன் வாயை ஆஃப் பண்ணு. மூணு மைலுக்குக் கேக்குது" என்றார் தவமணி.

"கேக்கட்டும்ணே. டவரே தேவையில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஏன் பத்துப் பேர் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முன்பெல்லாம் காலாட்படை தோளோடு தோள் நின்று சுட்டது. இயந்திரத் துப்பாக்கி வந்தது. முதல் உலகப் போரில் அந்த வரிசைகள் அப்படியே சாய்ந்தன. மிஞ்சியவர்கள் சிதறிப் படுத்தார்கள். குழிக்குக் குழி சிறு குழுக்களாக நகரக் கற்றார்கள். பாதிப் பேர் சுடுவார்கள். அந்த மறைவில் பாதிப் பேர் முன்னேறுவார்கள். இரண்டு பாதியையும் ஒரே ஆள் நடத்த வேண்டும். இரைச்சலுக்கு நடுவே ஒரு தொண்டை எத்தனை பேருக்கு எட்டும்? எட்டு. ஒன்பது. பத்து. இன்றும் எல்லாப் படைகளிலும் ஏறத்தாழ அதே அளவுதான்.

தவமணியும் அப்படித்தான் பிரித்தார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த நாயக் செல்வமும் இன்னும் இரண்டு பேரும் இயந்திரத் துப்பாக்கியுடன் பாறைமேல். மற்ற ஏழு பேரும் நானும் கீழே, பாதையில். பாதையின் இடது பக்கமாக நாங்கள் வெளியே வருவோம் என்று செல்வத்துக்குத் தெரியும். ஆனால் வழியில் மரம் விழுந்து கிடந்தது. சுற்றினோம். வலது பக்கம், ஓடை வழியாக வந்தோம். அதைச் செல்வத்திடம் சொல்ல டவர் இல்லை. தவமணி இரண்டு முறை கூவினார். எதிர்க்காற்று.

அப்போதுதான் வெடி.

துப்பாக்கிக் குண்டுக்கு இரண்டு சத்தம். காதருகே ஒரு சொடுக்கு. பின்னால் ஒரு அடி. யானை வெடிக்கு அடி மட்டும்தான். பள்ளத்தில் உருண்டு திரும்பி வரும். எஸ்டேட்டில் வாரம் தவறாமல் கேட்பேன். அவர்கள் புதிதாக வந்தவர்கள். பாறைமேல் இருந்தவர்கள் பனிக்குள் அசைந்த உருவங்களைப் பார்த்தார்கள்.

பாண்டி முதல் குண்டுச் சரத்திலேயே விழுகிறான். சத்தமே போடவில்லை.

ஓடையில் ஊர்ந்து தவமணியிடம் போகிறேன். காதோடு வாய் வைத்துக் கத்துகிறேன்.

"அண்ணே, அது யானை வெடி! மேல இருக்கது நம்ம ஆளுக!"

என்னைப் பார்க்கிறார். பாறையைப் பார்க்கிறார். படுத்துக்கொண்டு கத்தினால் மேலே எட்டாது. எழுந்து நிற்கிறார். இரண்டு கையையும் தூக்குகிறார்.

"செல்வம்! நான்தாம்லே! நிறுத்து!"

எட்டியது. துப்பாக்கி நின்றது. அதற்குள் அவர் ஓடைக்குள் சரிந்திருந்தார்.

செல்வம் இறங்கி வந்தார்.

"நம்பர் சொல்லுங்கலே!"

எப்போதும் தவமணிதான் தொடங்குவார். தண்ணீர்ச் சத்தம்.

"ஒண்ணு எங்கலே?"

"ரெண்டு" என்றது ஒரு குரல். அழுதுகொண்டே. "மூணு." பிறகு நின்றது. நான்கு பாண்டி.

செல்வம் துப்பாக்கியைக் கீழே போட்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இறந்தவர்கள்: ஹவில்தார் தவமணி. பாண்டி. பாறைமேல் முருகேசன், எங்கள் பக்கத்துக் குண்டில். காயம்பட்டவர்கள் இருவர், ஒருவருக்கு வலது கண் இல்லை. எதிரி என்று யாரும் இல்லை. நான் பொறுக்கிப் பார்த்த தோட்டா உறைகள் எல்லாம் படையின் துப்பாக்கிகளுடையவை.

இதை விசாரணையில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அறிக்கையில் அது இல்லை. செல்வம் வாய் திறக்கவில்லை. டவரைச் சரிசெய்துவிட்டேன். மலை முழுக்கப் பேசுகிறது. யானைகள் தோட்டத்துக்கு வருகின்றன. வெடி வைக்க ஆள் இல்லை. செல்லையா இன்னும் சிறையில் இருக்கிறார்.